இரண்டு காதும் தெரியவேண்டும்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமா என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். இல்லாவிட்டால் “தலையைச் சுத்தி மூக்கைத் தொடாதடா” என்பாய். போனில் பேசலாமென்றால் அறையில் என்னையும் சேர்த்து எட்டுப் பேர், அத்தனை பேருக்கும் பாம்புச் செவி. அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

ஜூன் மாதத்தோடு பாஸ்போர்ட் காலாவதி ஆகிறது. உன் பாஸ்போர்ட். என்னுடையது என்று எழுதப் போனேன், பேனா நின்றுவிட்டது பார்.

உன் நெஞ்சு எக்ஸ்ரேயில் டாக்டர் ஒரு புள்ளியைக் காட்டி, இந்த ஆள் வெளிநாடு போக முடியாது என்று சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் வைத்து நீதான் சொன்னாய்: “நீ போடா. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதானே.” வெல்டிங் படித்தது நீ. சான்றிதழ் உன்னுடையது. நான் பள்ளிக்கூடத்தையே ஒழுங்காக முடிக்காதவன். வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போய் உன் பேரைச் சொல்லி மூச்சை இழுத்துப் பிடித்து நின்றேன். பின்கட்டில் வைத்து நீ வெல்டிங் ராடு பிடிக்கக் கற்றுக்கொடுத்தாய். சைக்கிளில் விழுந்து உனக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டு உண்டே, அதற்காக நான் பிளேடால் புருவத்தில் ஒரு கோடு சிரைத்துக்கொண்டேன். இன்றைக்கும் வாரத்துக்கொரு தடவை சிரைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதில் முடி முளைக்கிற வேகத்தில் வழுக்கைத் தலையில் முளைத்தால் தேவலை.

இப்போது புதுப்பிக்கப் புதுப் படம் கேட்கிறார்கள். கம்பெனி குமாஸ்தா எல்லாருடைய படத்தையும் பிரித்துப் பார்க்காமலே கட்டாகக் கட்டிக்கொண்டு போய்த் தூதரகத்தில் கொடுப்பான். நாங்கள் யாரும் நேரில் போக வேண்டியதில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவன் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். பழைய படம் நீ.

ஒன்று சொல்லவில்லை உன்னிடம். போன வருஷம் குழாய் வெடித்தபோது கன்னத்தில் லேசாகச் சுட்டது என்று எழுதினேன் அல்லவா? லேசு இல்லை அண்ணா. வலது கன்னம் முழுக்கத் தோல் சுருங்கிவிட்டது. வலது காதில் பாதி இல்லை. அவர்கள் போட்டிருக்கிற முதல் விதியே, படத்தில் இரண்டு காதும் தெரியவேண்டும் என்பது.

அதனால் நீ ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. வெள்ளைச் சட்டை, பின்னால் வெள்ளைத் திரை, தலை நேராக. பழைய படத்தில் இருக்கிற மாதிரி மீசை. கொஞ்சம் சதை போட்டுக்கொள். வயசானதற்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், காது போனதற்குச் சொல்ல முடியாது.

இந்த மாதத்திலிருந்து நான் ஃபோர்மேன். கழுத்தில் தொங்குகிற அட்டையில் உன் பேர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அம்மாவிடம் சொல். காதைப் பற்றிச் சொல்லாதே.

உன் தம்பி


பிப்ரவரி 21

தம்பிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

இடது பக்கமாகவே நின்று படமாக அனுப்பிக்கொண்டிருந்தாய். “துரை மாதிரி ஒரு பக்கமா நின்னு அழகு காட்டுறான்” என்று நானும் அம்மாவும் சிரித்தோம். இப்போது அவற்றை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஒன்றில்கூட உன் வலது காது இல்லை. முட்டாள், இதைப் போய் மறைப்பார்களா? மருந்து போடுகிறாயா? வெயிலில் எரிகிறதா?

ஆனாலும் படம் அனுப்ப மாட்டேன். கோபத்தில் சொல்வதாக நினைக்காதே.

உனக்கு இங்கே நடப்பது தெரியாது. கம்பெனியிலிருந்து ஒரு தடவை ஆள் வந்து பழைய தெருவில் விசாரித்துவிட்டுப் போனான் இல்லையா, அதற்குப் பயந்துதான் இந்தப் புது வீட்டுக்கு வந்தோம். வந்த அன்றே அம்மா உன் படத்தைக் கூடத்தில் மாட்டினாள். கோட்டு, கறுப்புக் கண்ணாடி, பின்னால் கம்பெனிக் கார். பக்கத்து வீட்டம்மா யார் என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, “என் பெரியவன். வெளிநாட்டுல இருக்கான்” என்றாள். “அப்ப இவரு?” “இவன் சின்னவன்.”

அன்றிலிருந்து நான் சின்னவன். தலை நரைத்த சின்னவன். வருகிறவர்கள் எல்லாம் உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு எனக்குப் புத்தி சொல்கிறார்கள். “மேனேஜர் கணக்கா என்ன களை பாருங்க பெரியவருக்கு! ஏன் தம்பி, அண்ணன்கிட்ட சொல்லி நீங்களும் ஒரு வேலை பாத்துக்கக் கூடாதா?” நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். கோட்டு இரவல் வாங்கியது, கார் கம்பெனியுடையது, பேர் என்னுடையது என்று சொல்ல நாக்கு துடிக்கிறது.

கேட் செய்யும் பட்டறையில் இருக்கிறேன். பற்றவைப்பவன் என் வயசில் பாதி இருப்பான், அவன் போடுகிற வெல்டிங் கோணலாக இருக்கும், நான் பின்னாலேயே கிரைண்டர் பிடித்துச் சரிசெய்ய வேண்டும். நான் பற்றவைக்கிறேன் என்றேன். முதலாளி “சர்டிபிகேட் இருக்கா?” என்றார். அது உன் பெட்டியில் இருக்கிறது.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். எதிர்வரிசையில் ஒரு தையல்கடை. கடைக்காரியை ஊசி என்றுதான் தெருவே கூப்பிடும். ஒல்லி என்பதற்காக இல்லை, வாய் அப்படி. நாலு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். என்னை அவளுக்குப் பிடிக்கும், ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் அக்கா குடும்பம் கோடையில் வேறு ஊருக்குப் போகிறது. கல்யாணமானால் இங்கே இருப்பாள், இல்லாவிட்டால் அவர்களோடு போய்விடுவாள். போகட்டும் என்று விட என்னால் முடியாது.

அவள் என்னை உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். தினமும். ஆசையாக. நான் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன், சிரிக்கிறேன், உள்ளே செத்துப்போகிறேன். பதிவு அலுவலகத்தில் என் பேரைச் சொல்லி, என் படத்தை எடுத்து, நான் நானாக அவளைக் கல்யாணம் செய்ய வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

புதுப்பிக்காதே. ஜூனுக்கு முன்னால் கிளம்பி வா. பேரை இறக்கி வை. பத்து வருஷம் போதும்.

அண்ணன்


மார்ச் 9

அண்ணா,

வா என்று சுலபமாக எழுதிவிட்டாய். யாராக வருவது?

கண்ணாடி முன்னால் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். இந்த முகத்தையும் என் பேரையும் வைத்துக்கொண்டு வந்தால் நான் யார் சொல்? பள்ளிக்கூடம் முடிக்காதவன், சான்றிதழ் இல்லாதவன், காது இல்லாதவன். உனக்குக் கிரைண்டராவது கொடுத்தார்கள். எனக்குத் துடைப்பம் கொடுப்பார்கள். இங்கே நான் நடந்து போனால் முப்பது பேர் எழுந்து வழிவிடுகிறார்கள். ஆமாம், உன் பேருக்குத்தான். ஆனால் நடப்பது என் கால், வெந்தது என் முகம். ராடு பிடிக்க நீ கற்றுக்கொடுத்தது ஒரு வாரம், மிச்சம் எல்லாம் நான் இங்கே சுட்டுக்கொண்டு கற்றது. அதையும் கொஞ்சம் கணக்கில் சேர்த்துக்கொள்.

கோபப்படாதே. மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அடித்தால் இன்னும் மோசமாக நினைப்பாய் என்று விட்டுவிட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இங்கேயும் நடந்தது. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு கொத்தனார். தன் மச்சான் பாஸ்போர்ட்டில் வந்தவர். எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. சாப்பாட்டுக்கூடத்தில் எல்லார் முன்னாலும் படத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். “இது யாருடா?” என்று கேட்டார்கள். அவர் தன் சொந்தப் பேரைச் சொன்னார். பத்து வருஷத்தில் அதைச் சொன்னது அன்றுதான் போலிருக்கிறது, திக்கித் திக்கிச் சொன்னார். கூட்டிக்கொண்டு போனார்கள். எந்தச் சிறை என்றுகூட யாருக்கும் தெரியாது. அவர் செருப்பு ரொம்ப நாள் வாசலிலேயே கிடந்தது, யாரும் தொடவில்லை.

எனக்குத் தூக்கம் போய்விட்டது அண்ணா. நேற்று குமாஸ்தா, “என்ன ஃபோர்மேன், படம் இன்னும் வரலையே? காமெராவுக்குக் கூச்சமா?” என்று சிரித்தான். இதோ வருகிறது என்று சொல்லிவிட்டு வேலைக்குள் புகுந்துகொண்டேன். கிளம்பி வந்தாலும் விமான நிலையத்தில் அதே படம், அதே காது. இந்த மூஞ்சியையும் காலாவதி ஆகப்போகிற பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டு எந்த வாசலையும் தாண்ட முடியாது.

ஒரே ஒரு படம். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டால் பயமில்லாமல் இருப்பேன். அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டு வருகிறேன், வந்து உன் பேரை உன் கையில் கொடுக்கிறேன். அம்மா மேல் சத்தியம். அண்ணியிடம் (ஆமாம், அண்ணிதான்) ஒரு வருஷம் பொறுக்கச் சொல். வாய் ஊசியாக இருந்தாலும் மனசு இளகியதாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் உன்னைப் போய்ப் பிடிக்குமா?

அனுப்புவாய் அல்லவா?

தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

படம் உள்ளே இருக்கிறது. ஆறு பிரதி.

அனுப்பக் கூடாது என்றுதான் இருந்தேன். கொத்தனாரின் செருப்பை எழுதிவிட்டாய், பாவி. அதற்கப்புறம் பட்டறைக்குப் போனால் வாசலில் கிடக்கிற செருப்பெல்லாம் உன்னுடையதாகத் தெரிகிறது.

மார்க்கெட் தெருவில் மாடியில் இருக்கிற ஸ்டுடியோவுக்குப் போனேன். பழைய படத்தைக் கொடுத்து, இதே மாதிரி வேண்டும் என்றேன். ஸ்டுடியோக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இது யாருங்க, உங்க அண்ணனா?”

“நான்தான்.”

“சும்மா விளையாடாதீங்க சார்.”

“நான்தாங்க. பத்து வருஷத்துக்கு முன்னால எடுத்தது.”

அவர் நம்பவில்லை. நம்பாவிட்டால் என்ன, வேலை தெரிந்த மனுஷர். கன்னம் ஒட்டிப்போனவர்களுக்கு ஒரு வித்தை வைத்திருக்கிறார். பஞ்சைச் சுருட்டி இரண்டு கன்னத்துக்குள்ளும் அடக்கச் சொன்னார். மீசைக்கு மை தடவினார். விளக்கைக் கீழிருந்து போட்டார், குழி தெரியாமலிருக்க. புருவத்து வெட்டை மறைத்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். என்னிடம் என்னுடையதாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதைக்கூட நீ பிளேடு வைத்து எடுத்துக்கொண்டாய் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

வாய் நிறையப் பஞ்சு. பேச முடியவில்லை, மூச்சு முட்டியது. நானே என்னைப் போல வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. “கண்ணு கலங்குது சார், கொஞ்சம் துடைச்சுக்கங்க” என்று துண்டை நீட்டினார். வெளிச்சம் கூசுகிறது போலிருக்கிறது என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

படம் நன்றாக வந்திருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். “பெரியவன் எப்ப அனுப்பினான்?” என்று கேட்டாள். கூடத்தில் நானும் அவளும் மட்டும்தான் இருந்தோம் தம்பி. வெளியாள் யாரும் இல்லை. கண் மங்கிப் போய்ச் சொல்கிறாள் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் வருவதாகச் சத்தியம் செய்திருக்கிறாய். அதை நம்பித்தான் அனுப்புகிறேன். இந்தப் படம் உனக்கு நான் கொடுக்கிற கடன், தானம் இல்லை. ஊசியிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உன் பதில் வந்ததும் சொல்வேன்.

அண்ணன்


ஏப்ரல் 30

அண்ணா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மூன்று தாள் கசக்கிப் போட்டுவிட்டேன்.

உன் படம் வந்தது. குமாஸ்தாவிடம் கொடுத்தேன். அவன் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டான். “இந்த மாசத்திலேருந்து படம் வாங்கறதில்லையாம். ஒவ்வொருத்தரும் நேர்ல போகணும். அங்கேயே எடுத்துக்குவாங்க” என்றான். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். ஃபோர்மேன் என்பதால் முன்சீட்டு.

வரிசையில் நிற்கும்போது கொத்தனார் மாதிரி என் சொந்தப் பேரைச் சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் பலதடவை சொல்லிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்லிப் பார்த்தேன். என் முறை வந்தது. ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பழைய படத்தைப் பார்த்தாள், என் கன்னத்தைப் பார்த்தாள். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவள் கேட்டாள்: “வேலையில ஆனதா?” ஆமாம் என்றேன். கம்பெனி ஆஸ்பத்திரிக் காகிதத்தை நீட்டினேன், அதில் உன் பேர்தானே இருக்கிறது. “ரொம்ப வலிச்சிருக்குமே” என்றாள். பாவப்பட்டாள் அண்ணா! அந்தக் காதைப் பார்த்து யாரும் சந்தேகப்படவில்லை, பரிதாபம்தான் பட்டார்கள். நான் எதற்குப் பயந்தேனோ அதுவே என்னைக் காப்பாற்றியது.

ஒரு ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னாள். எழுந்து போயிருக்கலாம். சொல்லியிருக்கலாம். உட்கார்ந்தேன். நேராகப் பார்க்கச் சொன்னாள், பார்த்தேன். எடுத்துவிட்டாள்.

இனி அந்தப் பேருக்கு இந்த முகம்தான். கன்னம், பாதிக் காது எல்லாமாக. கண்ணையும் விரலையும்கூட மெஷினில் பதிந்துகொண்டார்கள். அடுத்த வருஷம் நான் வந்து கொடுத்தாலும் உன்னால் வாங்கிக்கொள்ள முடியாது. நீ போய் நின்றால், நீ யார் என்று கேட்பார்கள். உன்னைத்தான் பொய்க்காரன் என்பார்கள்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் இருக்காதே, அது மட்டும் செய்யாதே. ராத்திரி பகலாக உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் ஆறு படமும் என்னிடம்தான் இருக்கின்றன. கன்னம் நன்றாக உப்பியிருக்கிறது. பஞ்சு வைத்தது தெரியவே இல்லை.

தம்பி


மே 19

அன்புள்ள அண்ணனுக்கு,

சரியாகத்தான் படித்தாய். உனக்குத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று பட்டறைக்குப் போகவில்லை. ஆத்திரம் தீர என்னென்னவோ சொல்லித் திட்டினேன். கேட்டிருந்தால் மிச்சக் காதும் போயிருக்கும். பிறகு நேராகத் தையல்கடைக்குப் போய் ஊசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி, புள்ளி, படம், புருவம், எல்லாம். அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டுக் கேட்டாள்:

“அப்ப இத்தனை நாளா நான் யாரைக் கூப்பிட்டேன்?”

“என்னைத்தான்.”

“உங்க நிஜப் பேர் என்ன?”

சொன்னேன். பத்து வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சொன்னேன். “கூப்பிடு” என்றேன். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள்.

“வரமாட்டேங்குதுங்க. அந்தப் பேரைச் சொன்னா உங்க வீட்டுக் கூடத்துல கண்ணாடி போட்டுக்கிட்டு நிக்கிறவர்தான் கண்ணு முன்னால வர்றாரு. எனக்கு அவர் யாரோ.” அழுதுவிட்டாள். “நான் கட்டிக்க நினைச்சது உங்களை. நீங்க எந்தப் பேர்ல இருக்கீங்களோ அந்தப் பேர்லயே இருங்களேன்.”

நானும் அழுதேன். தையல்கடையில் உட்கார்ந்து பட்டப்பகலில், போகிற வருகிறவர்கள் பார்க்க.

போன வாரம் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். என் பேரில் என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. இருந்து நீட்டியிருந்தாலும் உன்னைக் காட்டிக்கொடுத்ததாகியிருக்கும். நீ கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் எடுத்த உன் அடையாள அட்டையைத்தான் கொண்டுபோனேன். ஒல்லியாக, ஒட்டின கன்னத்தோடு இருப்பாயே, அந்தப் படம். அதை நீட்டினேன். அலுவலர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

“என்ன சார், நரையை விட்டா அப்படியே இருக்கீங்க! மாறவே இல்லையே.”

என் சொந்தப் படத்துக்கு முன்னால் நின்றபோது ஸ்டுடியோக்காரர் நம்பவில்லை. உன் படத்துக்கு முன்னால் நின்றால் மாறவே இல்லையாம். இதற்கு மேல் நான் யாரிடம் போய் முறையிடுவது சொல்.

அங்கேயும் ஒரு ஸ்டூல். அங்கேயும் நேராகப் பார்க்கச் சொன்னார்கள், காதோரம் முடியை ஒதுக்கச் சொன்னார்கள். எழுந்து போயிருக்கலாம் என்று எழுதினாயே, நானும் போயிருக்கலாம்தான். பக்கத்தில் அவள் இருந்தாள். உட்கார்ந்தேன். எடுத்துவிட்டார்கள். உன் பேருக்கு இப்போது என் முகம்.

ஆகவே நீ வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வா. காதோடோ காது இல்லாமலோ வா. ஆனால் அண்ணனாக வா. தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள். நான் உன் பெட்டியை வாங்கிக்கொண்டு, “வாங்கண்ணே” என்பேன். அவளை அண்ணி என்று கூப்பிட்டு மானத்தை வாங்கிவிடாதே, அவள் உனக்குத் தம்பி பெண்டாட்டி. அம்மாவுக்கு இதில் குழப்பம் இல்லை. கண் மங்கல் என்று நான் நினைத்தது தப்பு. அவளுக்கு எப்போதோ மாறிவிட்டது. யாரும் இல்லாதபோதுகூட நான் சின்னவன்தான். காய்ச்சலில் படுத்திருந்தேன், நெற்றியைத் தடவிக்கொண்டே, “பெரியவன் மாதிரி நீயும் உடம்பைப் பாத்துக்கக் கூடாதாடா” என்றாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அண்ணன் தட்டாமல் செய்ய வேண்டும். வந்த பிறகு, யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, என்னை என் பேர் சொல்லி ஒரு தடவை கூப்பிடு. சத்தமாக வேண்டாம், எனக்குக் கேட்டால் போதும். அந்தப் பேரில் என்னைக் கூப்பிட உன்னைத் தவிர இனி ஆள் கிடையாது.

இப்படிக்கு,
உன் தம்பி